மூன்று நாள் முன்பே தெரிந்த தண்ணீர்

வெள்ளிக்கிழமை இரவு தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் நாலைந்து பேராக நிற்கும் இளைஞர் கூட்டத்தைப் பார்த்தாலே எங்கே கிளம்புகிறார்கள் என்று சொல்லிவிடலாம். முதுகில் பை, பையின் பக்கவாட்டில் செருகிய தண்ணீர் பாட்டில், ஒருவர் கையில் மட்டும் எல்லோருக்குமான முறுக்குப் பொட்டலம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் குற்றாலம். சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் கொடைக்கானல். பைக் வைத்திருப்பவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே கொல்லிமலை ஏறி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, ஆகாய கங்கையில் தலையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அவ்வளவுக்குக் காசும் காலும் இல்லாதவர்களுக்கு அதே மலையின் அடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது.

டெல்டாக்காரர்களின் இந்த ஏக்கத்தைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். மேடு என்று சொல்லிக்கொள்ள ஆற்றங்கரையும் கோபுரமும்தான். ஆனாலும் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று வரிசையாக ஆறு ஓடும் ஊரிலிருந்து ஒருவன் குளிப்பதற்காக 300 கிலோமீட்டர் போகிறான் என்றால், ஊரில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் பொருள்.

நண்பர்களோடு தண்ணீரைத் தேடிப் போவதற்குத் தமிழில் நல்ல முன்னோடிகள் உண்டு. அகில இந்திய வானொலியில் பணியாற்றிய இரண்டு எழுத்தாளர்கள், சிட்டி என்ற பெ.கோ. சுந்தரராஜனும் தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமனும், காவிரியின் போக்கிலேயே ஊர் ஊராகச் சென்று எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ 1971-ல் வெளிவந்தது. குடகு மலையில் ஆறு பிறக்கும் தலைக்காவிரியிலிருந்து கடலில் சேரும் பூம்புகார்வரை நீளும் பயணம் அது. வழியில் சிவசமுத்திரமும் ஒகேனக்கல்லும் இருக்கின்றன என்பதற்காக அவர்கள் அருவிகளோடு நின்றுவிடவில்லை. மலை இறங்கிய பிறகு வரும் சமவெளிக் காவிரியும் அவர்களுக்குப் பார்க்க வேண்டிய காவிரியாகத்தான் இருந்தது. இன்றைய பயணிகள் கைவிட்டது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

கைவிட வேண்டிய பாதி அல்ல அது. நான்கு நண்பர்கள் பையை மாட்டிக்கொண்டு பூதலூர் ரயில் நிலையத்தில் இறங்கினால், பேருந்து பிடித்துத் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குப் போய்விடலாம். 1,080 அடி நீளம். கரிகாலன் கட்டியது என்பது மரபு. மேலே மதகுகளும் பாலமும் ஆங்கிலேயர் காலத்துச் சேர்க்கை. வந்த தண்ணீர் இங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. ஷட்டர்களைத் தூக்கிவிட்ட நாளில் அந்த நுரையையும் இரைச்சலையும் பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்கள், எங்கள் ஊரில் அருவி இல்லையே என்று அங்கலாய்க்க மாட்டார்கள்.

அங்கிருந்து கிழக்கே கரையைப் பிடித்து நடக்கலாம். வாழைத் தோப்பு, மூங்கில் புதர், அவ்வப்போது ஒரு மதகு, பத்து நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் ஹாரன். திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறை. 1847-ல் மறைந்த தியாகராஜரின் சமாதியும் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. இன்னும் கீழே சுவாமிமலை. கும்பகோணத்தில் பகவத் படித்துறையும் சக்கரப் படித்துறையும். குத்தாலம் தாண்டினால் மயிலாடுதுறைத் துலாக்கட்டம். ஐப்பசி மாதம் முழுக்க அங்கே நீராட வருகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். கால் வலிக்கிறதா, கவலையில்லை. தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், ஆடுதுறை, மயிலாடுதுறை என்று மெயின் லைன் ரயில் ஆற்றுக்கு அதிக தூரமில்லாமலே ஓடுகிறது. கடைசியில் பூம்புகார். கல்லணையில் அவ்வளவு அகலமாக நின்ற ஆறு, பாதி நாட்டுக்குப் பாய்ந்து முடித்து, வாய்க்கால் அளவுக்கு மெலிந்து கடலில் சேர்வதைப் பார்ப்பதற்காகவே அவ்வளவு தூரம் நடக்கலாம்.

குகைக்கு மட்டும் டெல்டாவுக்குள் வழியில்லை. வண்டல் மண்ணில் யார் குகை குடைவது? தெற்கே புதுக்கோட்டைப் பக்கம் போனால் சித்தன்னவாசல் கிடைக்கும். ஏழடிப்பட்டத்துக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்காக வழவழப்பாகச் செதுக்கிய கல் படுக்கைகளும், தமிழ் பிராமி எழுத்தும் இருக்கின்றன. கீழே அறிவர் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து ஓவியம், அதில் தாமரைக் குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள். குன்றின்மேல் நவச்சுனை. அந்தச் சுனை நீருக்கு அடியில் ஒரு குடைவரையும் சிவலிங்கமும் மூழ்கிக் கிடக்கின்றன. இத்தனையும் தஞ்சாவூரிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் தூரம்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை? ஆற்றங்கரைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது ‘ஆழமான பகுதி, குளிக்கத் தடை’ என்ற பலகை என்பது ஒரு காரணம். பலகை சும்மா நடப்படவில்லை. 2022 அக்டோபர் 3 அன்று பூண்டி மாதா பேராலயத்துக்கு வந்த தூத்துக்குடி மாவட்டத்துப் பயணிகளில் 6 பேர் அருகிலுள்ள கொள்ளிடத்தில் குளிக்க இறங்கி மூழ்கி இறந்தார்கள். பார்வைக்குக் கொள்ளிடம் அகலமான மணல் வெளி. ஓரமாகக் கணுக்கால் அளவு தண்ணீர். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது உள்ளூர்க்காரருக்கே தெரியாதபோது, கடலோர மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? நான்கு அடி எடுத்து வைத்தால் ஐந்தாவது அடிக்குத் தரை இருக்காது. மதகடியிலும் அப்படித்தான். ஷட்டருக்குக் கீழே விழும் தண்ணீர் அடியில் சுழன்று தரையைப் பறித்து வைத்திருக்கும். மேலே பார்த்தால் விளையாட்டாகத் தெரியும். கல்லணைக் கால்வாயின் கதை வேறு. மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டு, தஞ்சாவூர் நகரத்துக்குள்ளேயே ‘புது ஆறு’ என்ற பெயரில் ஓடும் அந்தக் கால்வாய்க்கு அண்மை ஆண்டுகளில் கான்கிரீட் தளமும் சரிவும் போட்டார்கள். வேகமாக ஓடும் தண்ணீர், வழுக்கும் சுவர், பிடித்து ஏற ஒரு வேர்கூட இல்லை.

ஆகவே கொள்ளிடத்திலும், மதகடிகளிலும், கான்கிரீட் கால்வாயிலும் தடை இருக்கத்தான் வேண்டும். இன்னும் கடுமையாக இருந்தாலும் தவறில்லை. கேள்வி அதற்கு அடுத்தது. எங்கே குளிக்கக் கூடாது என்று நூறு இடத்தில் எழுதி வைத்த அரசு, எங்கே குளிக்கலாம் என்று ஓர் இடத்திலாவது எழுதி வைத்திருக்கிறதா?

தடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்டாவுக்கு வெளியே ஓர் உதாரணம் எல்லோருக்கும் தெரியும். 2006-ல் கொச்சிக்குப் பக்கத்து மஞ்ஞும்மல்லிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்கள், தடுப்பைத் தாண்டிக் குணா குகைக்குள் போனார்கள். ஒருவர் ஆழமான பிளவுக்குள் விழுந்தார். கூட வந்த நண்பரே கயிற்றில் இறங்கி மேலே கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் அது ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற படமாக வந்து தமிழ்நாட்டிலும் சக்கைப்போடு போட்டது. படம் சொன்ன பாடம் உள்ளே போகாதே என்பது; பார்த்தவர்கள் செய்தது குணா குகைக்கு வண்டி பிடித்தது. இருபது வயதில் வேலி என்றால் தாண்டுவதற்கு என்று பொருள். நான்கு நண்பர்கள் சேர்ந்துவிட்டால் அந்தப் பொருள் இன்னும் உறுதியாகிவிடும். இதைத் திருத்த முடியாது. கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் முடியும்.

அருவி ஊர்கள் இதை ஓரளவு கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி என்பதைப் பார்த்துத்தான் அருவியில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தருமபுரி மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது; குறைந்ததும் எடுக்கிறது. தடை என்றால் இன்றைக்குத் தடை என்று அங்கே போகிறவருக்குப் புரியும். அதனால் பெரும்பாலோர் மதிக்கவும் செய்கிறார்கள். குற்றாலத்திலும் அதே நடைமுறை உண்டு. ஆனால் மலையில் பெய்யும் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துக்கொண்டு போனது. நிமிடக் கணக்கில் வந்த வெள்ளத்துக்கு முன்னால் எந்த ஏற்பாடும் திணறத்தான் செய்யும்.

டெல்டாவின் நிலைமை நேர் எதிர். இங்கே வரும் தண்ணீர் மேட்டூரில் கதவு திறந்து புறப்படுகிற தண்ணீர். புறப்பட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று நாளாகும். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் 15, 16-ம் தேதி வாக்கில் கல்லணையைத் திறப்பார்கள்; அமைச்சர்கள் பூத்தூவும் படம் மறுநாள் வரும். கல்லணையிலிருந்து எந்த ஆற்றில் எவ்வளவு விடப்படுகிறது என்ற கணக்கு நீர்வளத் துறையிடம் தினமும் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ ஆறுகளில் குளிப்பவர்களுக்கு அடுத்த மணி நேரம் என்ன ஆகும் என்று தெரியாது. காவிரியில் மூன்று நாள் முன்பே தெரியும். தெரிந்தும் படித்துறையில் நிற்கிறவனுக்கு அது போய்ச் சேருவதில்லை.

2024-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூர் நீர்மட்டம் 40 அடியைச் சுற்றிக் கிடந்தது. ஜூன் 12 திறப்பு நடக்கவில்லை. பிறகு கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஜூலை 28-ல் அணை திறக்கப்பட்டது, 30-ம் தேதி 120 அடி நிரம்பியே விட்டது. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. மணலாகக் கிடந்த ஆறு ஒரு வாரத்துக்குள் கரை தொட்டு ஓடியது. கொள்ளிடத்தில் உயரழுத்த மின்கோபுரமே சாய்ந்தது. முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கலந்த சாதமுமாக ஆற்றுக்கு வந்த குடும்பங்களில் எத்தனை பேருக்கு, இந்தப் படியில் இன்றைக்கு இறங்கலாம், அந்தப் படியில் கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்? ஒலிபெருக்கியில் எல்லோரையும் எச்சரித்ததோடு வேலை முடிந்தது.

தண்ணீர் குறைவான ஆண்டுகளில் வேறொரு ஆபத்து. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது சில நாள் காவிரியில் போகும். சில நாள் வெண்ணாற்றில் போகும். நேற்று முழங்கால் அளவு இருந்த இடத்தில் இன்று மார்பளவு வந்திருக்கும். விவசாயிக்கு முறை தெரியும், ஏனென்றால் அவன் நாற்றங்கால் அதை நம்பி இருக்கிறது. வெளியூரிலிருந்து பையோடு வந்தவனுக்குத் தெரியாது.

‘விநாடிக்கு 10,000 கன அடி’ என்று செய்தித்தாளில் போடுவதால் குளிக்கிறவருக்குப் பயன் கிடையாது. பத்தாயிரம் கன அடி என்பது அவருக்கு இடுப்பளவா, தலைக்கு மேலா? படித்துறை என்ற ஒன்று இருக்கும்போது இந்தக் குழப்பமே தேவையில்லை. படிகள்தான் அளவுகோல். ஒவ்வொரு படித்துறையிலும் எத்தனையாவது படி வரை தண்ணீர் நின்றால் நீச்சல் தெரியாதவர் இறங்கலாம், எந்தப் படி தாண்டினால் யாருமே இறங்கக் கூடாது என்று உள்ளூர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு வர்ணம் அடித்துவிட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பக்கத்து மாநிலத்தவருக்கும் புரியும். செலவு மூன்று டின் பெயின்ட்.

வெளிநாட்டில் செய்கிறார்கள் என்பதற்காக நாமும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பாரிஸ் செய்ததைத் தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை. சேன் ஆற்றில் 1923-ல் குளிக்கத் தடை போட்ட நகரம் அது. நூறு ஆண்டு கழித்து, 2025 ஜூலையில், மூன்று இடங்களை மக்கள் குளிக்கத் திறந்துவிட்டது. ஆறு முழுக்க அல்ல, மூன்றே இடங்கள். தினமும் நீரைச் சோதித்து, பச்சைக் கொடி பறந்தால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. அதற்கு முன் சாக்கடையை ஆற்றில் விடாமல் தடுக்க ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் கழிவுநீர் கலக்கும் வாய்க்கால்களை ஒழுங்குபடுத்தாமல் கொடி மட்டும் ஏற்றினால் அது வெறும் துணி. காவிரியைத் தூய்மைப்படுத்த அரசு வகுத்த திட்டத்துக்கு ‘நடந்தாய் வாழி காவேரி’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை எடுத்துக்கொண்டவர்கள், அந்தப் புத்தகக்காரர்கள் போல ஒருமுறை கரையோரமாகப் போய்ப் பார்க்கலாம்.

நீச்சல் விஷயம் இதைவிட முக்கியம். டெல்டாவில் நீச்சல் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்த வித்தை அல்ல. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டோ, வாழைமரத் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டோ கோயில் குளத்தில் விழுந்து எழுந்தால் ஒரு கோடையில் வந்துவிடும். மாமாவோ சித்தப்பாவோ கரையில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டே ஒரு கண் வைத்திருப்பார். இன்று குளியல் வீட்டுக் குளியலறைக்குப் போய்விட்டது. குளங்களில் பாதி தூர்ந்துவிட்டன. மிஞ்சியிருப்பது தோப்பில் பம்புசெட் தொட்டி. அதில் ஆட்டம் போடலாம், நீந்த முடியாது. ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்து, ஆற்றில் கழுத்தளவு இறங்கியே பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பெண் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசம். பாட்டிக்கு நீச்சல் தெரிந்த வீட்டில் பேத்திக்குத் தெரியாது. வளர்ச்சி என்று சொல்லிக்கொள்ளும் காலத்தில் இது தலைகீழாக நடந்திருக்கிறது.

நீரில் மூழ்கி இறப்பவர்கள் உலகம் முழுவதும் 2021-ல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்றும், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் 29 வயதைத் தாண்டாதவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுங்கள், கரையில் இருப்பவர்களுக்குக் காப்பாற்றப் பயிற்சி கொடுங்கள் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரைகளில் முக்கியமானது. நம்மைப் போலவே நெல்லும் ஆறும் குளமுமான வங்கதேசம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. நீச்சல் குளம் கட்டக் காசில்லாத கிராமங்களில், ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடையும் தடுப்பும் கட்டி, உள்ளூர் ஆட்களையே பயிற்சியாளர்களாக்கிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூங்கிலுக்கும் குளத்துக்கும் தஞ்சாவூரில் பஞ்சமா என்ன?

தடையே போதும் என்கிறவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: படித்துறையைத் திறந்து விளம்பரம் செய்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் சாவும் கூடும். கூட்டம் இப்போதும் கூடத்தான் செய்கிறது. ஆடி 18-ல் கூடுகிறது, அமாவாசைக்குக் கூடுகிறது, ஐப்பசியில் கூடுகிறது, கல்லூரி அரையாண்டு விடுமுறையில் ஆள் இல்லாத மதகடியாகப் பார்த்துக் கூடுகிறது. கடைசியாகச் சொன்ன கூட்டம்தான் ஆபத்தானது. யாருக்கும் தெரியாமல் போகிற இடத்தில் கூப்பிட்டால் ஓடி வர ஆள் இருக்காது. அவர்களைக் கயிறும் மிதவையும் காவலும் உள்ள படித்துறைக்கு இழுத்து வருவதுதான் புத்திசாலித்தனம். மீனவர், பரிசல்காரர், ஆற்றோரத்தில் வளர்ந்த நீச்சல்காரர் என்று அந்தக் காவல் வேலைக்கு ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இன்று அவர்களை ஒரே ஒரு வேலைக்குத்தான் கூப்பிடுகிறோம்: மூழ்கியவரின் உடலைத் தேடுவதற்கு.

சுற்றுலாத் துறைக்கு இதில் சிறு வேலைதான். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை நடைப்பயணிகளுக்கான ஒரு வரைபடம். எந்தப் படித்துறையில் குளிக்கலாம், எந்த ஊரில் இரவு தங்கலாம், எங்கே ரயில் ஏறலாம் என்ற விவரம். படித்துறைக்கு ஓர் உடை மாற்றும் அறை. இந்தக் கடைசி விஷயத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். நண்பர் குழு என்றால் இன்று அதில் பெண்களும் இருக்கிறார்கள். ஈரப் புடவையை மறைவில்லாமல் மாற்ற வேண்டிய இடத்துக்கு அவர்கள் இரண்டாவது முறை வரமாட்டார்கள். தங்குவதற்குப் பெரிய விடுதிகள் கட்ட வேண்டியதில்லை. பழைய சத்திரங்களில் இடியாமல் மிஞ்சியிருப்பவற்றைக் கழுவிக் கொடுத்தாலே பையோடு வருகிறவனுக்குப் போதும்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்ற கேள்விக்கும் ஆறே பதில் வைத்திருக்கிறது. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் மூடப்படும். ஜூன் 12-ல் திறக்கப்படும். இடையில் நாலரை மாதம் ஆறு வற்றிக் கிடக்கும். எந்தப் படித்துறைக்கு முன்னால் பள்ளம் இருக்கிறது, எந்தப் படி இடிந்திருக்கிறது, எங்கே கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நடந்தே பார்த்துவிடலாம். பள்ளத்தை மூடலாம், படியைக் கட்டலாம், வர்ணம் அடிக்கலாம். தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்கள் முதல் ஆண்டில் ஆளுக்கு ஐந்து படித்துறைகளைத் தேர்ந்தெடுத்து, அடுத்த தண்ணீர் வருவதற்குள் ‘இங்கே குளிக்கலாம்’ என்ற பலகையை நட்டுக் காட்டட்டும்.